என் நாவலில் 100 பக்கத்தை வெட்ட ஓர் ஆள் வேண்டும்

மதிப்புக்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 22. ஊர் சீர்காழிப் பக்கம். பூம்புகார் பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். என்னிடம் 1,10,000 சொற்களில் ஒரு மிகுபுனைவு நாவல், அதாவது மாயக்கதை, இருக்கிறது. அதை அச்சிடுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அதை உங்களில் ஆறு பேரிடம் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது.

கதை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழா ஊரெடுத்த காதையிலிருந்து ஒரு பகுதி வரும். மருவூர்ப்பாக்கத்து வீதிகள், சந்தனமும் பூவும் விற்பவர்கள், பட்டு நெய்பவர்கள், மீன் விற்பவர்கள். தேர்வுக்கு அவ்வளவுதான். எங்கள் தமிழம்மா அதோடு விடாமல், அதே காதையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படித்துக் காட்டினார். புகார் நகரத்தின் நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது. கையில் பாசக் கயிறு. பொய்த் தவசி, பொய்ச்சாட்சிக்காரன், புறம் பேசுகிறவன், அரசனுக்குத் துரோகம் செய்கிற அமைச்சன், இவர்களெல்லாம் என் கயிற்றில் மாட்டுவார்கள் என்று நான்கு காத தூரம் கேட்கும்படி கத்துகிறது. மாட்டியவர்களை அடித்துத் தின்கிறது.

எனக்கு அன்று வந்தது ஒரே சந்தேகம்தான். அது தின்று முடித்த இடத்தை யார் கழுவிவிடுவார்கள்? என் நாவலின் நாயகி அந்த வேலைக்குச் சேர்கிற 12 வயதுப் பெண்.

ஆகவே, புத்தகக் காட்சி அரங்கில் ஒருவர் “இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்மா, தமிழ்ல ஓடாது” என்றபோது சிரிப்புத்தான் வந்தது. இன்னொருவர், சிறுவர் கதையென்றால் 64 பக்கத்துக்குள் முடித்துக்கொண்டு வா என்றார். மூன்றாமவர் படிக்கிறேன் என்று வாங்கி வைத்து 14 மாதம் ஆகிறது. இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஆறாமவர் மறுநாளே போன் செய்தார். “பிரமாதமா எழுதியிருக்கீங்க. 300 பிரதிக்கு 75,000 ரூபாய் ஆகும்.” எந்த இடம் சார் பிடித்தது என்று கேட்டேன். “ஃபுல்லாவே” என்றார். நாயகியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அப்பா இறால் பண்ணையில் வேலை பார்க்கிறார். 75,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் இன்றைக்கு 50 பிரதி மட்டும் அச்சடிக்க முடியும். கிண்டிலில் பைசா செலவில்லாமல் ஏற்றலாம். அட்டை வரையத் தோழி இருக்கிறாள். விற்பதற்குப் பூதம் மாதிரி நாற்சந்தியில் நிற்கவும் நான் தயார். கதையில் எது வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் எனக்குச் சொல்லும் கதை கிறிஸ்டோஃபர் பவோலினியுடையது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்துப் பையன். வீட்டிலேயே படித்து 15 வயதில் பள்ளிப் படிப்பை முடித்து, டிராகன் கதை ஒன்றை எழுத உட்கார்ந்தார். 2002இல் குடும்பமே சேர்ந்து அதைச் சொந்தமாக வெளியிட்டது. பழங்கால உடையைப் போட்டுக்கொண்டு பள்ளி, நூலகம், புத்தகக் கடை என்று 130க்கும் மேற்பட்ட இடங்களில் பேசினார். கடையில் எட்டு மணி நேரம் நின்றால் 40 பிரதி போவதே பெரிது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்த எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் மனைவியின் மகன் ஒரு பிரதி வாங்கிப் படித்தான். பையனுக்குப் பிடித்துப்போக, ஹையாசன் தன் புத்தகங்களை வெளியிடும் நாஃப் பதிப்பகத்திடம் சொன்னார். 2003 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்டார்கள். பவோலினிக்கு அப்போது 19 வயது.

பார்த்தாயா, வேஷம் கட்டியாவது விற்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த உடையில் அக்கறை இல்லை. முதல் வரைவுக்கு ஒரு வருஷம், அதைத் திருத்தி எழுத இன்னொரு வருஷம் அவருக்கு ஆனது. அப்புறம் அப்பாவும் அம்மாவும் படித்துத் திருத்தினார்கள். வீட்டிலேயே சின்னதாகப் பதிப்பகம் நடத்தியவர்கள் அவர்கள். நாஃப் கைக்குப் போனபின் மறுபடி ஒரு சுற்று எடிட்டிங். கடைக்கு வந்து விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தையே திரும்ப எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள்! என் அம்மா என் நாவலை முழுக்கப் படித்துவிட்டு “நல்லாயிருக்கு பாப்பா” என்றார். அது எனக்குப் போதும், நாவலுக்குப் போதாது.

210ஆம் பக்கத்திலிருந்து 310 வரை என் கதை நொண்டுகிறது. படித்த மூன்று தோழிகளும் “அங்க கொஞ்சம் போரடிக்குதுடி” என்கிறார்கள். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பூதத்தின் பூர்வீகம் முழுக்க அந்த 100 பக்கத்தில் கிடக்கிறது. வெட்டினால் பின்னால் வருவதெல்லாம் அந்தரத்தில் தொங்குமோ என்று பயம். இன்னொன்று: வாயால் சொன்ன பொய் மட்டும்தான் பூதத்துக்குத் தெரியும், ஓலையில் எழுதிய பொய் தெரியாது என்று 4ஆம் அத்தியாயத்தில் வைத்திருந்தேன். 19ஆம் அத்தியாயத்தில் அது கள்ள ஓலை எழுதியவனைப் பிடித்துத் தின்றுவிட்டது! இது மாயக்கதை, அதன் சட்டத்தை அதுவே மீறினால் மொத்தமும் போச்சு. நானாகத்தான் இதைக் கண்டுபிடித்தேன். பிரமாதம் என்றவர்கூடச் சொல்லவில்லை.

எங்களிடம் மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கிறார் என்பீர்கள். ஒற்று விட்டுப்போன இடத்தில் ‘க்’ போடுவது ஒரு வேலை. இந்த அத்தியாயம் எதற்கு என்று கேட்பது வேறு வேலை. தமிழில் அது நடக்காத காரியமும் இல்லை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணன் ஒவ்வொரு பிரதியோடும் எவ்வளவு மல்லுக்கட்டினார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, உங்கள் பாடும் தெரியாமல் இல்லை. 300 பிரதி விற்கவே முழி பிதுங்குகிறது. நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பிக் கடன் வாங்குகிறீர்கள். தனியாக எடிட்டரை எங்கே வைப்பது? நான்கைந்து பதிப்பகங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ள முடியாதா? எனக்கு வரும் ராயல்டியில் பாதியை அவருக்குப் பிடித்துக்கொள்ளுங்கள், மனதாரச் சம்மதிக்கிறேன். மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. மேடையில் பட்டிமன்றம் ஓடும் மாலையில், ஒரு மூலையில் மேஜை போட்டு, வருகிறவர்களின் முதல் பத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கே கை நழுவுகிறது என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும். அதுவரை, மூன்று மாதத்துக்குள் “வேண்டாம்” என்று ஒரு வரியாவது போடுங்கள். காசு வாங்கித்தான் புத்தகம் போடுவீர்கள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாராட்டிவிட்டுக் கணக்குச் சொல்லாதீர்கள்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வருவேன். சீர்காழியிலிருந்து இரவு ரயில். பையில் தாள்கட்டு இருக்கும். 210ஆம் பக்கத்தில் மூலையை மடித்து, ஒரு சிவப்புப் பேனாவும் செருகி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு இடத்தில் கேட்டு வந்தவள்