மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரிக்கு மனநல மருத்துவர்கள் போதவில்லை என்ற குரல் அடிக்கடி எழுகிறது. நியாயம்தான். ஆனால் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கியவர்களே பாதியில் விட்டுவிடுகிறார்களே, அதை யார் பேசுவது?

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்றவை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். "குமட்டல்தான் மிச்சம், மனசு அப்படியேதான் கிடக்கு" என்று அட்டையைத் தூக்கிப் போடுவது இந்த இடைவெளியில்தான். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும் என்பதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் செவிலியர் போனில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும்: மாத்திரை போடுகிறீர்களா, என்ன தொந்தரவு, சாகத் தோன்றுகிறதா? சிக்னல் எட்டாத ஊர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் நேரில்தான் போக வேண்டும்.

அடுத்தது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 வினாத்தாள். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒருமுறை நிரப்பிக் கோப்பில் வைப்பதற்கு அது எதற்கு? மாதாமாதம் நிரப்பினால்தான் மருந்தளவைக் கூட்டுவதா, மருந்தையே மாற்றுவதா என்று தெரியும். சாகும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்ற சாயல் வந்தால் அன்றே விவரமாகப் பேச வேண்டும். அப்படிப்பட்டவருக்கு, அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்தான அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வாரத்துக்கு வாரம், வீட்டார் கையில். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து டப்பாக்களும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

கொழுந்து பறிப்பவர்கள் மனசு சரியில்லை என்று வருவதில்லை. அசதி, தலைபாரம், கைகால் குடைச்சல் என்றுதான் வருவார்கள். பி-காம்ப்ளெக்ஸ் ஊசியோடு அனுப்பிவிடுவது சுலபம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டு வினாத்தாளை எடுக்கலாம். கூடலூர் பக்கப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருப்பதால் ஹீமோகுளோபின் பார்ப்பது கட்டாயம்.

பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. சம்மதித்தவர்களுக்கு அதே பையில் மனச்சோர்வு மாத்திரையும் போகட்டும். நோயின் பெயர் மட்டும் உறையில் வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சுவருக்குக்கூடக் காது உண்டு.

மருந்து மட்டும்தானா என்றால், இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பேசிப் பேசி மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017இல் காட்டியது. பணியர், குறும்பர் மொழி பேசும் பெண்களுக்கே இங்கு அந்தப் பயிற்சியைத் தரலாம். இரவு நேர அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஊட்டியிலிருந்து கூடலூருக்கு வரும் நடுவட்டம் சாலையை நம்ப முடியாது. எனவே மே மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மூன்று மாத மருந்து இருப்பு வந்து சேர வேண்டும்.

மருந்தாளுநர் ஒருவர்,
பந்தலூர்