விளம்பரங்களில் எமது பிள்ளைகளின் நிறம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில், மொடலிங்கும் விளம்பரமும் எமது சமூகத்தைச் சீரழிக்கின்றன என்றும், தமிழ்ப் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் விடக்கூடாது என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குள்ள கவலை எனக்கும் உண்டு. ஆனால் குற்றத்தைப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகளின் தலையில் அவர் கட்டியிருப்பது முறையல்ல என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், கடந்த தைப்பொங்கலை முன்னிட்டுக் கொழும்பிலுள்ள புடவைக் கடையொன்றின் விளம்பரத்துக்கு நின்றாள். துணைக்குப் போனவள் நான்தான். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை பின்னேரம் நான்கு மணிவரை நீண்டது. பதினொரு சேலைகள், ஒவ்வொன்றுக்கும் கொய்யகம் மடித்து, ஊசி குத்தி, சூடான விளக்குகளின் முன்னால் அசையாமல் நின்று, பிறகு அவிழ்த்து அடுத்ததை உடுத்த வேண்டும். பேசிய பணத்தைக் குறைக்காமல் கையில் கொடுத்தார்கள்; பிள்ளையையும் மரியாதையாகவே நடத்தினார்கள். சமூகம் கெட்டுப்போவதற்கு அங்கே எதையும் நான் காணவில்லை. கால் கடுக்க நின்று உழைத்த ஒரு பிள்ளையைத்தான் கண்டேன்.

இரண்டு வாரங்களின் பின் அந்தப் படம் காலி வீதியில் பெரிதாக ஏறியது. எண்பத்திரண்டு வயதான என் தாயார் பேத்தியின் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டதால், முச்சக்கரவண்டியில் எல்லோருமாகப் போனோம். பஸ் தரிப்பிடத்தருகே இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்த அம்மா, "இது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். சேலை அவள் உடுத்தியது. நிற்கும் விதமும் அவளுடையது. சிறுவயதில் விழுந்து இடது புருவத்தின் மேல் வந்த தழும்பு மட்டும் மறைந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் எவருக்குமே இல்லாத வெளிறிய ரோசா நிறம் ஒன்று முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் ஏற்றப்பட்டிருந்தது. கணினியில் அந்த வேலையைச் செய்தவர் அவசரத்தில் வலது காதின் பின்புறத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தார். அந்த ஒரு விரலகல இடத்தில் மாத்திரம் அவளுடைய சொந்த நிறம் எஞ்சியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. வந்த பிறகுதான், "என்ர நிறம் பிடிக்காட்டில் என்னை ஏன் சித்தி கூப்பிட்டவை?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்த என்னால் அதற்கு ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை.

தீங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வெயிலில் நடந்து பாடசாலைக்குப் போகும் ஒரு பிள்ளை, தன் நிறத்துள்ள ஒருத்தியையும் தன் தெருவின் விளம்பரப் பலகைகளில் காண முடியாவிட்டால், தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக நினைக்காமல் வேறென்ன செய்யும்? இந்தியாவில் 1975 இல் விற்பனைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' கிறீமின் விளம்பரங்கள் எங்கள் வீடுகளுக்கும் அந்நியமானவை அல்ல. நிறம் குறைந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, அவள் தலை குனிந்தே இருப்பாள். கிறீம் பூசிச் சில வாரங்கள் கழிந்ததும் எல்லாம் கைகூடும். ஏறக்குறைய இரண்டு தலைமுறைகள் இந்த ஒரே கதையைப் பார்த்தே வளர்ந்தன. நிறவெறிக்கு எதிராக உலகெங்கும் குரல் எழுந்த 2020 இல் அதன் உற்பத்தியாளர் 'ஃபெயார்' என்ற சொல்லை நீக்கி 'குளோ அன்ட் லவ்லி' என்று பெயரை மாற்றினார். மாற்றம் நல்லதுதான். ஆனால் இப்போது 'பொலிவு' என்றும் 'பளபளப்பு' என்றும் சொல்லிக்கொண்டு அதே வெண்மையைக் காட்டும் பொருட்கள் கடைத்தட்டுகளை நிறைத்து நிற்கின்றன.

இந்த ஆசையை நாங்கள் உண்டாக்கவில்லை, மக்கள் கேட்பதையே காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகையின் ஞாயிறு மணமக்கள் பகுதியிலேயே 'நல்ல நிறமுடைய மணமகள் தேவை' என்று வாராவாரம் வெளிவருகிறது. பெண் பார்த்துவிட்டுப் போகும் வழியில் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று சொல்பவர்களும் எங்கள் ஆட்களே. இத்தனைக்கும் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே பெண்ணின் அழகென்று பாடியது எங்கள் சங்கத் தமிழ். தலைவன் பிரிந்த துயரில் அந்த நிறம் கெட்டு உடல் வெளிறுவதைப் பசலை என்று சொல்லித் தோழியும் தாயும் கலங்கினார்கள். எதை நோயென்று எண்ணி எம் முன்னோர் வருந்தினார்களோ, அதையே இன்று காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம்.

பூசுவது எதை என்பதையும் சொல்ல வேண்டும். எமது தொடர்மாடியில் குடியிருக்கும் இளம்பெண் ஒருத்தி, தன் கலியாணத்துக்கு முன் நிறம் கூட வேண்டுமென்று புறக்கோட்டையில் வாங்கிய சிறு டப்பா ஒன்றை என்னிடம் காட்டினாள். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. தயாரித்தவரின் முகவரியும் இல்லை, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரமும் இல்லை. உள்ளிருந்த துண்டுத்தாளில் மட்டும், பூசும்போது தங்க, வெள்ளி நகைகளில் படவிடக்கூடாது என்று இருந்தது. இரசாயனவியல் கற்பித்த எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. பாதரசம் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும் என்பது செட்டியார் தெருவில் நகை செய்யும் எவருக்கும் தெரியும். இத்தகைய அறிவுறுத்தல் பாதரசம் இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்திருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதோடு நில்லாமல் உடலினுள் சென்று சிறுநீரகங்களைப் பாதிக்கிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்ந்த அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்த வேண்டுமென, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. தாலிக்கொடியில் படக்கூடாத ஒன்றைத் தாலி ஏறும் கழுத்தில் பூசலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

விளம்பரத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்பவர்களுக்கு எமது நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் வந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் அந்த நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. நோர்வேயில், உடலின் வடிவத்தையோ பருமனையோ தோலையோ மாற்றிய விளம்பரப் படங்களில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டுமென்ற சட்டம் 2022 யூலை முதல் நடைமுறையில் உள்ளது. அப்படியொன்று இங்கும் வர வேண்டும். அது வரும்வரை, பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, முகவரியற்ற இந்த டப்பாக்களையாவது சந்தையிலிருந்து அகற்ற வேண்டும்.

தங்களிடமும் உரிமையோடு ஒரு வேண்டுகோள். மணமக்கள் பகுதியில் வரும் விளம்பரங்களிலிருந்து நிறம் பற்றிய சொற்களை நீக்கிப் பிரசுரிக்கத் தங்களால் இயலும். அதற்குச் சட்டம் தேவையில்லை. ஒரு விளம்பரத்துக்கு இரண்டு சொற்கள் குறைவதால் வருமானம் சிறிது குறையலாம். தங்கள் பத்திரிகையைப் படிக்கும் வீட்டில் மணவயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கத்தைப் பயமின்றித் திறப்பாள்.

என் பெறாமகளைத் தீபாவளி விளம்பரத்துக்கு அதே கடையினர் மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். வர விருப்பம் என்றும், முகத்தின் நிறத்தையும் தழும்பையும் மாற்றுவதில்லை என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்றும் அவள் கடிதம் அனுப்பியிருக்கிறாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.