கும்மிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நன்றி: சேலத்துக்கு ஒரு மடல்

அன்புள்ள சேலம், எடப்பாடி, இளம்பிள்ளை, ஏற்காடு உறவுகளுக்கு வணக்கம்.

கனடாவில், டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் குடியேறிய சேலம் மாவட்டத்துப் பெண்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ மாகாணம் 2014-இல் சட்டம் போட்டு ஏற்றது. 2016-இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாதத்தில் நாங்கள் எடுக்கும் பொங்கல் விழாவில் மேடையில் ஆடுவதும் பெண்கள், மண்டபத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் பெண்கள், கல்லாவில் உட்காருவதும் பெண்கள். அதற்கு வேண்டிய வித்தை முழுக்கச் சேலத்திலிருந்து வந்தது. யார் எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று விவரமாக எழுதி வைக்கிறோம். வேறு ஊரில் இதே வேலையில் இறங்கும் பெண்களுக்கும் இது உதவட்டும்.

முதல் நன்றி மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கு. ஆட்டமும் பாட்டும் இருக்கக் கணக்கு எழுதுகிறவர்களுக்கா முதல் நன்றி என்று கேட்க வேண்டாம். வெளிநாட்டில் பண்பாட்டு அமைப்புகள் உடைவது பெரும்பாலும் பணத்தாலும் பதவியாலும்தான். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் திட்டம் 1990-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து குழு நடத்திப் பழகிய கைகள் உங்களுடையவை. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு, அதை வழிநடத்த ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், வங்கியில் மூவரில் இருவர் கையெழுத்து என்ற அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டோம். கூட்டம் பெருகினால் ஒரே பெரிய குழுவாக்காமல் இரண்டாகப் பிரிக்கச் சொன்னீர்கள். இருபதைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்று நீங்கள் சொன்னது இங்கேயும் உண்மைதான்.

தீர்மானப் புத்தகத்தைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதினால் எழுதுகிறவருக்கு நினைவில் நின்றதுதான் தீர்மானம் ஆகிவிடும். ரொக்கத்தை எல்லோர் முன்னாலும் எண்ணி, எண்ணியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்று வைக்க வேண்டும். கனடாவில் நன்கொடையைக் கைபேசி வழியாக வங்கிக்கு அனுப்புவதுதான் வழக்கம். அது பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வீட்டுச் செலவும் விழாச் செலவும் பின்னிக்கொள்ளும். குழுப் பெயரில் கணக்குத் திறக்கும் வரை ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம் என்று தாரமங்கலம் பக்கத்து அக்கா ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஒரு சொல் காப்பாற்றிய நட்புகள் பல.

ஊக்குநர் பொறுப்பைச் சுழற்சியில் விடும் முறைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் மாநகராட்சிக் கடிதம், காப்பீட்டுப் படிவம், மண்டப ஒப்பந்தம் எல்லாம் அவர் தலையில் விழும். இரண்டு ஆண்டில் அவரே நிரந்தரத் தலைவி. மற்றவர்களுக்குப் படிவத்தைக் கண்டாலே அச்சம். இதைத் தவிர்க்க நீங்கள் சொன்ன வழி எளிமையானது: ஒவ்வொரு வேலைக்கும் செய்து பழகியவர் ஒருவர், செய்தே இராதவர் ஒருவர் என்று ஜோடி போடுங்கள். படிவத்தை நிரப்புவதும் தொலைபேசியில் பேசுவதும் புதியவர். பழகியவர் பக்கத்தில் இருந்தால் போதும். மண்டபத்துக்குப் பெரும்பாலும் 20 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு மிரளாமல் காப்பீட்டு முகவரிடம் விலை பேசும் பெண்கள் இப்போது குழுவில் நிறைய.

அடுத்து, எடப்பாடி, சங்ககிரி பக்கத்துக் கும்மி ஆசான்களுக்கு. வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மி முன்பு ஆண்களே ஆடி வந்த கலை. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வழக்கத்தை மாற்றிய கோவை மாவட்டத்து ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் திறந்துவிட்ட வழியில்தான் எங்கள் பெண்களும் வட்டம் கட்டுகிறார்கள்.

வீடியோவில் கும்மி சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை. ஆசான் பாட, இங்கே நாங்கள் கைதட்ட, அந்த ஒலி திரும்பி வந்து சேர்வதற்குள் தாளம் தள்ளிப் போய்விடும். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடினால் குழப்பம்தான். அதனால் ஆசான் ஒவ்வொரு பாட்டையும் மெதுவாக, நடுவாக, வேகமாக என்று மூன்று வேகத்தில் பதிவு செய்து அனுப்பினார். பாட்டு கனடா பக்கம் ஒலிபெருக்கியில் ஓடும், ஆசான் ஒலியை நிறுத்திவிட்டு அடவை மட்டும் கவனிப்பார், பாட்டு முடிந்ததும் திருத்துவார். அடவைக் காட்டும்போது கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். முகம் காட்டி நின்றால் இடது வலதாகிவிடும். ஒரு கைபேசியை உயரத்தில் வைத்தால் வட்டம் கோணாமல் இருக்கிறதா என்று தெரியும். இன்னொன்றைத் தரையருகில் வைத்தால் கால் தெரியும். இரண்டும் வேண்டும்.

நேரத்தை இந்தியக் கணக்கிலேயே குறித்தோம். ஞாயிறு காலை 7 மணி வகுப்பு டொராண்டோவில் கோடையில் சனி இரவு 9.30-க்கு வரும். நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியதும் அதே வகுப்பு இரவு 8.30-க்கு வந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், விழா நெருங்கும் நேரத்தில் ஒரு வகுப்பு வீணாகும். ஞாயிறு காலைத் தூக்கத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்த ஆசான்களுக்கும், அவர்களுக்கு அந்நேரம் காபி போட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் பெரிய கும்பிடு.

மண்டபம் பார்க்கும்போது தரையைப் பாருங்கள் என்று ஆசான் சொன்னதையும் குறித்து வைக்கிறோம். சிமெண்டுத் தரையில் குதித்தாடினால் முழங்கால் போகும். கம்பளத்தில் பாதம் திரும்பாது. பள்ளி விளையாட்டுக் கூடத்து மரத்தரை சிறந்தது.

இளம்பிள்ளை நெசவாளர்களுக்கு: கும்மிச் சேலைகள் அத்தனையும் ஒரே நிறத்தில் வந்தன. ஒரே சாயத்தில் தோய்த்த நூலில் பாவு (தறியின் நீளவாக்கு நூல்) போட்டு நெய்ததால்தான் அது முடிந்தது. பிறகு பத்து சேலை கூடுதலாகக் கேட்டால் அடுத்த சாயத்தில் நிறம் ஒரு சாயல் மாறும், மேடை விளக்கில் அது பளிச்சென்று தெரியும். எனவே எண்ணிக்கையை முதலிலேயே சொல்லி, உதிரியாக இரண்டு மூன்று சேர்த்து வாங்க வேண்டும். ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து அனுப்பியதற்கு நன்றி. இங்கே தையல் கூலி சேலை விலையைத் தொட்டுவிடும். பனிக்காலச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த ஈரம் பட்டால் சேலையின் கீழ்க்கரையில் வெள்ளைத் தடம் விழும். மண்டபத்துக்குள் வந்துதான் சேலை மாற்ற வேண்டும்.

தட்டுவடை செட் போடச் சொல்லிக்கொடுத்த கடைக்காரர்களை மறக்க முடியாது. சேலத்துத் தெருவோரத்தில் நிமிடத்தில் கைக்கு வரும் அந்தத் தட்டை அந்நிய ஊரில் வரிசையாக நிற்கும் கூட்டத்துக்குக் கொடுக்க நாலு பேர் வேண்டும். ஒருவர் தட்டுவடை அடுக்கிச் சிவப்புச் சட்னி தடவ, அடுத்தவர் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைக்க, மூன்றாமவர் பச்சைச் சட்னி விட்டு மேல்வடை மூட, நாலாமவர் எலுமிச்சை பிழிந்து காசு வாங்காமல் தட்டை மட்டும் நீட்ட வேண்டும். காசு வாங்கும் கை தனி. துருவலில் உப்பை முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டு வடை நமத்துப்போகும். சட்னி கெட்டியாக இருக்க வேண்டும். செய்து அடுக்கி வைக்கவே கூடாது. கனடாவில் நிலக்கடலை, எள் போலக் கடுகும் ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு. ஆகவே தாளிப்பில் கடுகு சேர்த்தால் பலகையில் எழுத வேண்டும். வடை மாவில் என்னென்ன சேர்ந்தது என்று பொட்டலத்துக்குப் பொட்டலம் எழுதி அனுப்பினீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

ஜவ்வரிசி அனுப்பியவர்களுக்கும் நன்றி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1981-இல் ஏற்பட்ட, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவைப் பற்றியும் பலகையில் எழுதி வைத்தோம். பாயசத்துக்கு ஒரு கிலோ ஏறக்குறைய 40 பேருக்கு வரும். வெறும் வாணலியில் லேசாக வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் மாவு கரைந்து பசையாகிவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்தால் வெந்தது. வெல்லம் என்றால் இறக்கி ஆறிய பிறகே பால், இல்லாவிட்டால் திரியும். நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும், கையோடு காய்ச்சிய பால் வைத்திருங்கள்.

ஏற்காட்டிலிருந்து மிளகும் காபித்தூளும் தந்த தோட்டத்துப் பெண்களுக்கும் நன்றி. காபிக் கடை மாலைக்குள் காலியானது.

சேலத்துக்காரர்கள் கோபிக்கக் கூடாது, ஈழத்து அக்காமார்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. கனடாத் தமிழர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். 2011-இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தமிழர்களில் முதலாவதாகத் தேர்வான ராதிகா சிற்சபைஈசனும் அவர்கள் வீட்டுப் பெண். கடுங்குளிரில் வெளியே பொங்கல் வைக்கும் முறையை அவர்கள் சொன்னார்கள். பியூட்டேன் குப்பி அடுப்பு உறைபனியில் எரியாது, ஏனென்றால் சுழிய டிகிரிக்கு அருகே அந்த வாயு திரவமாகவே நின்றுவிடும். புரொப்பேன் −42 டிகிரி வரை ஆவியாகும், அதுதான் வேண்டும். மண்பானையைக் குளிரில் வைத்திருந்து திடீரென்று தீயில் ஏற்றினால் விரியும். உள்ளறையில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியே வெளியே கொண்டுவர வேண்டும்.

விழாவின் வரவு செலவுப் பக்கங்கள் இருவர் கையெழுத்தோடு உங்கள் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். எந்த வரியைப் பற்றியும் கேளுங்கள், அந்த வேலையைச் செய்த பெண்ணே பதில் சொல்வார். இளம்பிள்ளைக்கு அடுத்த விழாச் சேலைகளின் முன்பணம் ஆடிக்கு முன்பே அனுப்பப்படும். பாவு போடுவதற்கு முன் நிறத்தையும் எண்ணிக்கையையும் கும்மிக் குழு எழுத்தில் தரும்.

நன்றியுடன்,
டொராண்டோ வாழ் சேலம் மாவட்டத்துப் பெண்கள்