எரிச்சலுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில், பல மொழிகளில் நன்றி சொல்வது எப்படி என்று போட்டிருந்தீர்கள். இத்தாலிக்கு ‘கிராட்சியே’. சரிதான். ஆனால் டூரினிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்த என் ஒன்பது வயதுப் பேத்தி வாயில் அதை நான் நாலு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டேன். கேட்டதெல்லாம் ‘உஃப்பா!’தான். கரண்ட் போனால் உஃப்பா. கொசு கடித்தால் உஃப்பா. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூப்பிட்டால் நீளமாக ஒரு உஃப்ப்ப்பா.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடு எங்களுடையது. ஒருநாள் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தபோது திடீரென்று சாரல். “சவத்து மழை!” என்று நான் ஓட, “மன்னாஜ்ஜா!” என்று அவள் பின்னால் ஓடிவந்தாள். பாதி அப்பளம் நமுத்துப் போச்சு. அப்புறம் மகளிடம் அர்த்தம் கேட்டேன். ‘கேடு வரட்டும்’ என்கிற தென்னித்தாலிப் பேச்சு சுருங்கி வந்ததாம். இப்போது யாரும் சாபமாக நினைப்பதில்லை. ‘அச்சிதெந்தி’யும் அப்படித்தான். ஒருத்தனுக்குத் திடீரென்று வாதம் அடிக்கட்டும் என்று சபித்த சொல், இன்றைக்குச் சாவி தொலைந்தால் வருகிறது. நம்ம ‘பேதியில போவான்’ ஞாபகம் வந்தது. அவர்கள் வாதத்தை ஏவினார்கள், நாம் பேதியை.

நச்சரிக்கிறவன் ‘ரோம்பிஸ்காத்தொலே’, அதாவது பெட்டிகளை உடைக்கிறவன். என்ன பெட்டிட்டி என்று கேட்டேன். “அதை மட்டும் கேக்காதீங்கம்மா” என்று மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அலுப்புக்கு ‘கே பார்பா’, என்ன தாடி! தாடிக்கும் அலுப்புக்கும் என்ன உறவோ. எனக்குப் பிடித்தது, கோபம் வந்தவனுக்கு மூக்கில் ஈ ஏறிவிட்டது என்று அவர்கள் சொல்வது. நமக்கும் கோபம் மூக்கு மேல்தானே இருக்கிறது?

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர். 1732இல் சதுரகராதி தந்தவர். அந்தக் கரிசல் வெயிலில் அவர் வாயில் எந்தச் சொல் வந்திருக்குமோ!

அடுத்த முறை எரிச்சல் சொற்களையும் போடுங்கள். பக்கத்திலேயே நம்ம ஊர்ச் சொற்களும் வரட்டும். ‘ஒரே சள்ளை’ என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாமே போர், இல்லாவிட்டால் டென்ஷன்.

பேத்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள். நேற்று மகள் போனில் சண்டைக்கு வந்தாள். ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிப் போட்டு, பிள்ளை “சவத்த மூதி” என்றாளாம்.

இப்படிக்கு,
ஓர் ஆச்சி,
கல்லிடைக்குறிச்சி.