‘பழைய காலத்துப் பயம்’ என்று எழுதிய கட்டுரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறோமா என்பதற்குத் தரும் மதிப்பெண், பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று நினைத்துத்தான் மறுபடியும் படித்தேன். "இலவச ஸ்கோர் செயலிகளைச் சந்தேகிப்பது பழைய காலத்துப் பயம்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன். நான் பழைய காலத்து ஆள்தான், பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். ஆனால் என் சந்தேகம் வயதினால் வந்ததில்லை.

என் தம்பி மகளின் கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போவதற்கு முன், தம்பி தன் ஸ்கோரைப் பார்த்துக்கொள்ள நினைத்தான். விளம்பரத்தில் பார்த்த ஒரு செயலியை இறக்கிக்கொண்டு பான் எண், பிறந்த தேதி, செல்பேசி எண், ஓடிபி எல்லாம் கொடுத்தான். பச்சை வட்டத்துக்குள் நல்ல ஸ்கோர் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று மாலையே அழைப்புகள் தொடங்கிவிட்டன. தனிநபர் கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, இருக்கும் கடனை எங்களிடம் மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்தும் நிற்கவில்லை. அவன்தான் செயலியில் ‘சம்மதம்’ கொடுத்திருக்கிறானே என்று அழைத்தவர்களில் ஒருவரே விளக்கினார்.

அதைக்கூடத் தொல்லை என்று விட்டுவிடலாம். வங்கியில் மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் எங்களை உலுக்கியது. என்றைக்கோ கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழும் (என்ஓசி) வாங்கிக் கோப்பில் வைத்திருக்கும் இருசக்கர வாகனக் கடன், அவர் எடுத்த அறிக்கையில் இன்னும் நிலுவையில் இருந்தது. செயலியில் அப்படி எதுவும் இல்லையே என்று தம்பி கேட்டதற்கு அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: செயலி காட்டியது ஒரு நிறுவனத்தின் அறிக்கை, வங்கி பார்த்தது வேறொரு நிறுவனத்தினுடையது.

தங்களுக்குத் தெரியாததல்ல. நாம் வாங்கும் கடன்களையும் கட்டும் தவணைகளையும் பதிந்து வைத்து ஸ்கோர் போடும் கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். மக்கள் வாயில் எல்லாமே ‘சிபில்’தான். கடன் கொடுத்தவர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சரியாகத் தகவல் அனுப்பினால்தான் நான்கும் ஒத்துப்போகும். செயலி அதில் ஒன்றை மட்டும் எடுத்து ‘உங்கள் ஸ்கோர்’ என்று காட்டும்போது மற்ற மூன்றில் என்ன இருக்கிறதென்று யார் சொல்வது? தங்கள் கட்டுரையாளர் சொல்லவில்லை.

அவர் சொல்லாத இன்னொன்று மேலும் பெரியது. 2017 ஜனவரியிலிருந்து, இந்த நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை, ஸ்கோரோடு சேர்த்து, இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நிறுவனத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள். இடையில் எந்தச் செயலியும் வேண்டாம். இலவச அறிக்கைக்கான இணைப்பை இந்த நிறுவனங்கள் தங்கள் தளத்தில் எளிதில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சந்தா கட்டச் சொல்லும் திட்டங்கள் பெரிதாக இருக்க, இலவச இணைப்பைத் தேட வேண்டியிருந்தால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? செயலிக்குத்தான் போவார். அவருக்கு அந்த இணைப்பு இருப்பதையாவது சொல்வது பத்திரிகையின் வேலை என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எல்லாச் செயலிகளும் மோசடி என்று நான் சொல்லவில்லை. தன் ஸ்கோரைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது என்று கட்டுரை எழுதியதும் சரிதான். ஆனால் அதே திரையில் ‘உங்களுக்காக ஒரு கடன்’ என்று மின்னுவதைத் தொட்டு விண்ணப்பித்துவிட்டால், கடன் தருபவர் அறிக்கையை எடுப்பது, நாம் கடன் கேட்டதற்கான ‘விசாரணை’யாக அதில் பதிவாகும். அடுத்தடுத்து அப்படிப் பதிவானால் ஸ்கோர் இறங்கவும் கூடும். ஸ்கோர் பார்க்க வந்தவரைக் கடன் வாங்க வைத்தால் செயலிக்குத் தரகுத் தொகை கிடைக்கும். இலவசத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். இந்தக் கணக்கை எழுதாமல் வாசகரின் பயத்தைப் பற்றி எழுதுவது எப்படி நியாயமாகும்?

தம்பியின் செல்பேசியை வாங்கி அந்தச் சம்மத வாசகத்தை முழுவதும் படித்தேன். ஒரு முறை பார்ப்பதற்கான அனுமதியாக அது இல்லை. மீண்டும் மீண்டும் அறிக்கையை எடுக்கவும், ‘கூட்டாளி நிறுவனங்களோடு’ பகிரவும் அனுமதி கேட்டிருந்தது. அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதைத் தாங்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பான் எண், பிறந்த தேதி, மாறி மாறிக் குடியிருந்த முகவரிகள், செல்பேசி எண்கள், யாரிடம் எவ்வளவு கடன், எந்த மாதம் தவணை தள்ளிப்போனது என்பது வரை இருக்கிறது. இது தவறான கையில் கிடைத்தால், ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று அழைப்பவரால் நம் கடன் தொகையைத் துல்லியமாகச் சொல்லி நம்ப வைக்க முடியும். பிறகு ஓடிபி கேட்பது எளிது. 2017இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்தே 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடுபோயின. தகவல் காப்பதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் அப்படி நடந்தது. நேற்று முளைத்த செயலியிடம் கொடுக்கத் தயங்குபவரைத் தங்கள் பத்திரிகை கடிந்துகொள்ளலாமா?

அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே, கால் பக்கத்துக்கு, அதே மாதிரியான ஒரு செயலியின் விளம்பரம் இருந்தது. மூலையில் ‘விளம்பரம்’ என்ற சொல்லை நான் கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன். கட்டுரைக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பு உண்டு என்று குற்றம் சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் படித்த வாசகியின் மனவருத்தத்தை மட்டும் சொல்கிறேன்.

உடனடிக் கடன் செயலிக்காரர்கள் கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் அழைத்து அசிங்கப்படுத்திய காலத்தில் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, அது தங்கள் இதழில் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. பாஸ்புக்கில் பதிவு போட்டுத் தர மறுத்து ‘செயலியில் பாருங்கள்’ என்று முதியவர்களைத் திருப்பி அனுப்பும் வங்கிக் கிளைகள் பற்றியும் எழுதினேன், அதுவும் வரவில்லை. சுவரெங்கும் ‘சிபில் சரிசெய்து தரப்படும்’ என்று ஒட்டிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி இதுவரை ஒரு செய்தியும் நான் தங்கள் இதழில் படித்ததில்லை. சரியாக இருக்கும் பதிவைப் பணம் வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் கட்டணமே கிடையாது. இதை எழுத ஒரு பத்தி போதும்.

தம்பியின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிதி நிறுவனத்தில் கேட்டால் கடன் தகவல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் நிதி நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும் என்றார்கள். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் முதல் 21 நாள் கடன் கொடுத்தவருக்கான கெடு. இரு தரப்பிலும் ஒருவர்கூட அதை வாய் திறந்து சொல்லவில்லை. நான் தேடிப் படித்து, அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுக்க வைத்த பிறகுதான் பதிவு ‘முடிந்தது’ என்று மாறியது. அதற்குள் கல்லூரிக் கட்டணத்துக்கான கடைசித் தேதி வந்துவிட்டதால், வேறிடத்தில் அதிக வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இலவச ஸ்கோரை நம்பாமல் நான்கு அறிக்கைகளையும் முன்பே எடுத்துப் பார்க்கலாம் என்று ஏதாவது ஒரு பத்திரிகை அவனுக்குச் சொல்லியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். நான்கு நிறுவனங்களின் பெயர்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவச அறிக்கை பெறும் உரிமை, வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாமல் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து போக வேண்டும் என்ற எச்சரிக்கை, 30 நாள் கெடு, அதன் பிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்ற தகவல், இவை இருந்தால் போதும். கட்டுரைக்குக் கொடுத்த எழுத்தளவையே அதற்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி