எழுத்துப் பயிற்சி வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. நிகழ்ச்சிக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மழலையர் வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

போன பொதுக்குழுவில் நாம் காரசாரமாகப் பேசியது நினைவிருக்கும். ‘அ’வை விட்டுவிட்டு ‘ட’வில் தொடங்குவதா என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமுறை ‘அ’வை மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் ஒரே எழுத்துக்குள் இருக்கின்றன. ‘இ’ அதைவிட மோசம். ‘ட’வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, வேலை முடிந்தது. அந்தக் கோடு மேலே ஏறினால் ‘ப’. ஏறியதை உள்பக்கமாக மடக்கினால் ‘ம’. மூன்றும் புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். பாடும்போது பழையபடி அ, ஆ தான். எழுதும் வரிசையை மட்டும் மாற்றினோம்.

அப்புறம், நம் தவறு ஒன்று. புள்ளி எழுத்துகளை இக், இங், இச் என்றே சொல்லிக்கொடுத்து வந்தோம். ஒரு நாள் ஒரு சிறுமி எழுத்து எழுத்தாக விரல் வைத்து, “ப... ட... இம். படஇம்” என்று வாசித்தாள். வாசித்துவிட்டு, “படஇம்னா என்ன மிஸ்?” என்றாள். அவள் மேல் குற்றமில்லை, நாம் சொன்னதைத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து வாயை மூடி ‘ம்’ என்று மட்டும் காட்டுகிறோம்.

எழுத்தைத் திருப்பிப் போடுகிறான் என்று கவலைப்பட்டுக் கேட்ட பெற்றோர் பலர். நாலைந்து வயதில் அது சகஜம். குவளையின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் குவளை குவளைதான். எழுத்து மட்டும் திரும்பக் கூடாது என்பது பிள்ளைக்குப் புதுச் செய்தி. சிவப்பு மையில் அடிக்காமல், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவ விடுகிறோம். 1907இல் மரியா மாண்டிசோரி ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் கையாண்ட முறைதான் இது. முதலில் முரட்டுத் தாள் வாங்கி விரல் எரிகிறது என்று பிள்ளைகள் கத்தியதும் நடந்தது. இப்போது வழவழப்பான ரகம்.

வீட்டில் சொல்லித்தரும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. ‘லை’க்குத் தும்பிக்கை போடும் பழக்கம் உங்கள் கையிலிருந்து போகவில்லை என்று தெரிகிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதே அந்தத் தும்பிக்கை போய்விட்டது. வகுப்பில் ஒரு பேத்தி, “இது எங்க தாத்தாவோட யானை லை” என்று அறிமுகப்படுத்தினாள். அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டாமே.

நீளப் பென்சிலுக்குப் பதில் குட்டி மெழுகுத் துண்டு கொடுத்து அனுப்புங்கள். மூன்று விரலும் தானாகப் பிடிக்கும்.

அடுத்த ஆண்டுக்கு உப்புத்தாள் அட்டை இன்னொரு செட் வேண்டும். வெட்டித் தருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஏற்றுத் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்