டெனருக்கு ஆள் தேடு

அன்பு மகள் ஜெனிக்கு,

அப்பா எழுதுவது. இசையமைக்கப் படிக்க எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று போனில் கேட்டாய். போன வருஷம் பணம் கட்டியதே மூன்றாம் பாடத்தோடு நிற்கிறது, இல்லையா? குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

கோர்ஸ் இருக்கட்டும். ஐஎம்எஸ்எல்பி என்று ஒரு தளம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த ஸ்கோர்கள், அதாவது இசைக்குறிப்புத் தாள்கள், அதில் இலவசம். நான் ஆர்கன் பழகிய நாளில், மெட்ராஸ் போய்வந்தவர்களிடம் ஒரு ஸ்கோரை இரவல் வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் கையால் படியெடுத்துத் திருப்பிக் கொடுப்பேன். நான் கற்றதில் பாதி அப்படி எழுதி எழுதி வந்தது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோரல் தொகுப்பை, அதாவது தேவாலயப் பாடல்களை, இறக்கிக்கொள். மொத்தம் 371. நம் கோயில் பாடகர் குழுவில் நீ பாடிய அதே நான்கு குரல்தான்: மேலிருந்து கீழே சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ். ஒன்றை எடுத்து, சொப்ரானோவையும் பாஸையும் மட்டும் நோட்டில் எழுது. ஆல்ட்டோவையும் டெனரையும் நீயே நிரப்பு. பிறகு அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார். நாம் குதித்த இடத்தில் அவர் பேசாமல் அதே சுரத்தில் நின்றிருப்பார்.

இரண்டு குரல் ச–ப இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு நகரக் கூடாது என்று சின்ன வயசில் உன்னைத் திட்டுவேன், காரணம் சொன்னதில்லை. அப்படி நகர்ந்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். நான்கு பேர் பாடினாலும் மூன்று பேர் பாடுவதுபோலத்தான் கேட்கும்.

குரலுக்கு எதிர்க்குரல் எழுதப் பழக, ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் 1725இல் லத்தீனில் எழுதிய ‘கிராதுஸ் ஆத் பர்னாஸும்’ போதும். இங்கிலீஷில் கிடைக்கிறது. குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல் போகும்: ஒரு சுரத்துக்கு எதிரே ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. பெரிய இசையமைப்பாளரான ஹைடன் இதை வைத்துத்தான் தானாகப் படித்தார். சலிப்புத் தட்டும். நாளைக்கு ஒரு பக்கம் படி.

கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளும் இலவசம்தான். எழுதியதை உடனே வாசித்தும் காட்டும், எனக்கு அதுதான் பயம். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது. பாடவே முடியாததையும் அழகாக வாசித்துவிடும். முதலில் ஒவ்வொரு குரலையும் நீயே பாடிப் பார்.

கிறிஸ்மஸுக்கு வரும்போது எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டம், எழுதிக்கொண்டு வா. சொப்ரானோ நீ, ஆல்ட்டோ அம்மா, பாஸ் நான். டெனருக்குத்தான் ஆள் இல்லை. மாப்பிள்ளையை இப்போதே பழக்கு.

அன்புடன்,
அப்பா